எடுத்துட்டியா

குழந்தை நானூற்று இருபத்தேழு மணி நேரம் உயிரோடு இருந்தான். நாளாகச் சொன்னால் பதினேழு நாள், பத்தொன்பது மணி நேரம். எல்லோரும் பதினேழு நாள் என்றுதான் சொல்கிறார்கள். மீதிப் பத்தொன்பது மணி நேரத்தை விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை.

ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். அவன் ஆஸ்பத்திரியின் நான்காவது மாடியில், கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தான். அக்கா இரண்டாவது மாடியில், தையல் போட்ட வயிற்றோடும் இறங்காத ரத்த அழுத்தத்தோடும் படுத்திருந்தாள். சக்கர நாற்காலியில் வைத்து அவளை நான்கு முறைதான் மேலே கூட்டிப்போனார்கள். நான்கு முறையும் சேர்த்து ஒரு மணி நேரம்கூட இருக்காது. மற்றபடி அவனைப் பார்க்கப் போனது நான்தான்.

"போன் உள்ள வரக் கூடாது," என்றார் நான்காவது மாடி நர்ஸ். "ஆளாளுக்கு உள்ள நின்னு வீடியோ கால் பேசறீங்க. இதுங்க தூங்க வேணாமா?"

"படம் மட்டும்..." என்றேன். புது ஆட்களிடம் எனக்கு எப்போதும் பாதி வாக்கியம்தான் வரும்.

நர்ஸ் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அந்தக் காலத்துச் சின்ன கேமரா இருந்தா எடுத்துட்டு வா. உன்ன மாதிரியே பேசாத கேமரா. ஸ்பிரிட் போட்டு நல்லாத் துடைச்சுட்டு வரணும். ஃபிளாஷ் அடிச்சே, அன்னியோட சரி."

மாமாவிடம் ஒன்று இருந்தது. அவர் அக்கா வீட்டுக்காரர், லிஃப்ட் மெக்கானிக். மோட்டாரின் அடியில் பொறித்திருக்கும் எண்களைக் குனிந்து படிக்க முடியாது என்று, கையை மட்டும் உள்ளே விட்டுப் படம் பிடிப்பதற்காகப் பல வருடங்களுக்கு முன் வாங்கியது. உள்ளங்கையில் அடங்கும், சாம்பல் நிறம். அதற்குப் போடும் கார்டு இப்போது வேறெதிலும் பொருந்தாது.

அதில் அறுபத்து மூன்று படங்கள் எடுத்தேன். ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட்டில் துடைத்துத் துடைத்து, பொத்தான்களின் மேல் இருந்த எழுத்தெல்லாம் போய்விட்டது. எது எந்தப் பொத்தான் என்று விரலுக்குத்தான் தெரியும்.

எடுத்ததும் கீழே இறங்கி வந்து அக்காவிடம் காட்டுவேன். தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய திரை. "பெருசாக்குடி, பெருசாக்கு," என்பாள். பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகிவிடும். தலையில் கம்பளித் தொப்பி, மூக்கில் குழாய், கன்னத்தில் டேப். நடுவில் எங்கோ அவன்.

"காது தெரியலையே. காது யார் மாதிரி?"

"தொப்பி போட்டிருக்காங்கக்கா."

"தெரியுது. நீ கொஞ்சம் சாய்ச்சு எடுக்கக் கூடாதா? சயின்ஸ் படிச்சவ தானே?"

சாய்த்தும் எடுத்தேன். ஒரு நாள் தொப்பியைச் சரி செய்கிற சமயத்தில் நான் இருந்தேன். இடது காது முழுவதும் தெரிந்தது. அன்று அக்காவுக்கு மயக்க மருந்து கொடுத்திருந்தார்கள். மறுநாள் காட்டலாம் என்று கீழே போகவில்லை. மறுநாள் பதினெட்டாவது நாள்.

வீட்டுக்கு வந்த பிறகு அக்கா எல்லாவற்றையும் ஒரே காலையில் காலி செய்யச் சொன்னாள். அவள் துணி தைக்கிறவள். அவனுக்காகத் தைத்து வைத்திருந்த சட்டைகளை எடுக்கச் சொன்னாள். தொட்டிலை எடுக்கச் சொன்னாள். ஆஸ்பத்திரிச் சீட்டுகளை எடுக்கச் சொன்னாள். எல்லாவற்றையும் நானும் மாமாவும் எடுத்தோம். அவள் உள் அறையில் சுவரைப் பார்த்தபடி படுத்திருந்தாள்.

"இந்தக் கேமராவையும் எங்கயாவது குடுத்துடும்மா," என்றார் மாமா மெல்ல. "டிராயரைத் திறந்தா மொதல்ல அதுதான் நிக்குது."

உள்ளே இருந்து அக்காவின் குரல் வந்தது. "குடுக்கறதுக்கு முன்னாடி அதுல இருக்கற படத்தையெல்லாம் எடுத்துடு."

"சரிக்கா," என்றேன்.

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். அங்கே கிருமி வளர்க்கும் தட்டுகளைக் கையாள ஒரு வழக்கம் உண்டு. "பதினாலாம் தட்டு, நாற்பத்தெட்டு மணி நேரம்," என்று மேடம் சொன்னால், "பதினாலாம் தட்டு, நாற்பத்தெட்டு மணி நேரம்," என்று திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் தட்டைத் தொட வேண்டும். புதிதில் இது எனக்குச் சிரிப்பாக இருந்தது. வீட்டில் யாரும் அப்படிச் செய்வதில்லை. "படத்தை எடுத்துடணும், அதாவது?" என்று அந்த அறை வாசலில் நின்று நான் கேட்கவில்லை.

பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து செய்தேன். எழுத்தில்லாத பொத்தான்களை விரலால் தேடி அழுத்தினேன். எல்லாப் படங்களையுமா என்று கேமரா கேட்டது. ஆம். நிச்சயமாகவா என்று கேட்டது. ஆம். நான்கு விநாடி ஆயிற்று. பிறகு கேமராவை, கார்டு, வயர், பை எல்லாவற்றோடும் பழைய கேமரா கடையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

அன்று அக்கா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எடுத்துட்டியா?"

"எடுத்துட்டேன்."

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.

அவன் போன நாற்பத்தோராவது நாள், பரிசோதனைக் கூடத்தில் நான் கையுறையோடு நிற்கும்போது மாமா போன் செய்தார்.

"உங்க அக்கா இன்னிக்கு எந்திரிச்சு தலை சீவினாம்மா. மெஷின் மேல போட்டிருந்த துணியை எடுத்துட்டு எண்ணெய் விட்டா. அப்பறம் என்னையும் கூட்டிட்டுக் கடைக்குப் போயி ஒரு ஆல்பம் வாங்கினா. ரொம்ப நாள் கழிச்சு ரெண்டு பேரும் ஒண்ணா வாசப்படி எறங்கினோம். எனக்கு லிஃப்ட் இல்லாத எடமே புடிச்சுப் போச்சு."

"ஆல்பமா?"

"இரு, அவ பேசணுமாம்."

"அடியே ஊமை," என்றாள் அக்கா. சின்ன வயதிலிருந்து அவள் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள். ஆறு வாரமாகக் கூப்பிடவில்லை. "அந்தப் படமெல்லாம் எடுத்து வெச்சியே, எங்க வெச்சிருக்க? போன்லயா, கம்ப்யூட்டர்லயா?"

'எடுத்துடு' என்ற அந்தச் சொல்லுக்கு இன்னொரு பக்கம் இருப்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறாள்.

"ஏய், இருக்கியா? வாய்ல என்ன, பூட்டா?"

"கம்ப்யூட்டர்ல," என்றேன்.

"ஞாயித்துக்கெழமை கொண்டு வா. எல்லாத்தையும் பிரிண்ட் போட வேணாம், நான் பாத்துச் சொல்றேன். எல்லாத்தையும் நிதானமாப் பாக்கணும்டி. அன்னிக்கு ஒழுங்காவே பாக்கல நான். காதைப் பாக்கணும்."

"சரிக்கா."

அது பொய். முதல் பொய்.

படித்த படிப்பு அந்த நேரத்தில் கொஞ்சம் ஆசை காட்டியது. கேமராவிலிருந்து ஒரு படத்தை நீக்கினால் படம் உடனே போய்விடாது. பெயர்ப் பட்டியலில் அதன் பெயர் மேல் ஒரு கோடு விழும், அவ்வளவுதான். இந்த இடம் காலி என்று கார்டு நினைத்துக்கொள்ளும். வேறொன்று வந்து அந்த இடத்தில் உட்காருகிற வரைக்கும் படம் அங்கேயே கிடக்கும். யாரும் அந்தக் கேமராவை வாங்காமல் இருந்தால் போதும். யாரும் அதில் எதையும் எடுக்காமல் இருந்தால் போதும்.

மேடத்திடம் அரைநாள் விடுப்புக் கேட்டேன். காரணம் கேட்டார். "கேமரா வாங்கணும் மேடம்," என்றேன். அவர் என்னை விசித்திரமாகப் பார்த்துவிட்டு விடுப்புக் கொடுத்தார்.

கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. உள்ளே இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் படியில் நிற்க வேண்டும். கடைக்காரர் ஒற்றைக் கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு லென்ஸை ஊதிக்கொண்டிருந்தார். கண்ணாடிப் பெட்டிக்குள் சின்ன கேமராக்கள் வரிசையாக இருந்தன. நான் பேச வாயெடுக்கும் முன் அவரே தொடங்கிவிட்டார்.

"நீயும் காலேஜா?"

தலையை ஆட்டினேன். ஆம் என்றா இல்லை என்றா எனக்கே தெரியவில்லை.

"இப்பல்லாம் இதுக்குத்தான் வர்றாங்க. 'சார், மோசமாப் படம் எடுக்கற கேமரா இருக்கா'ன்னு கேக்கறாங்க. இருபது வருஷமா நல்லா எடுக்கற கேமராவா வெச்சுட்டு ஒக்காந்திருந்தேன், ஈ ஓட்டினேன். மோசமா எடுக்கும்னு சொன்னதும் கூட்டம் தாங்கல. முன்னாடியே தெரிஞ்சிருந்தா நானும் மோசமானவனாவே இருந்திருப்பேன்."

அதே மாடலில் மூன்று இருந்தன. மூன்றும் சாம்பல் நிறம். இரண்டின் பொத்தான்களில் எழுத்துகள் பளிச்சென்று இருந்தன. மூன்றாவது வழுக்கையாக இருந்தது.

"இது," என்றேன்.

"அது வேணாம்மா. எழுத்தெல்லாம் போயிருக்கு பாரு. யாரோ தேய்ச்சு எடுத்திருக்காங்க. சுத்த மண்டையன். இந்தா, இதை எடுத்துக்கோ, வெலை ஒண்ணுதான்."

"இதுதான் வேணும்."

அவர் பூதக்கண்ணாடியைக் கழற்றினார். "பாட்டரி பத்திக் கவலைப்படாத. எங்கிட்ட எது வந்தாலும் மொத வேலை பாட்டரி பாக்கறதுதான். பழசு பாரு, அஞ்சு நிமிஷத்துல படுத்துடும், அப்பறம் வாங்கினவங்க வந்து என் சட்டையைப் புடிப்பாங்க."

"எப்படிப் பாப்பீங்க?"

"வீடியோ போட்டு அந்த மேஜை மேல வெச்சுடுவேன். அது பாட்டுக்கு ஓடும்."

"எவ்வளவு நேரம்?"

"கார்டு நெறையற வரைக்கும்."

படியில் யாரோ ஏறிப்போனார்கள். தலைக்கு மேல் காலடிச் சத்தம் போய் ஓய்ந்தது.

"முழுசாவா?" என்று கேட்டேன்.

"முழுசா ஓடினாத்தானே பாட்டரி நல்ல பாட்டரி? இது சூப்பரா ஓடிச்சு. ஒரு சொட்டு எடம் பாக்கி வெக்கல." பெருமையாகச் சொன்னார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். "ஏம்மா, இது முன்னாடி உன்னோடதா? நீதானே கொண்டு வந்து குடுத்தே? எதையாவது உள்ள விட்டுட்டியா?"

"இல்ல சார்," என்றேன்.

இரண்டாவது பொய். அவரிடம் சொல்வதால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

இருந்தும் வாங்கினேன். விற்றதைப் போல மூன்று மடங்கு கேட்டார், கொடுத்தேன். வயரையும் பையையும் தேடி எடுத்துச் சேர்த்துக் கொடுத்தார். "மோசமாத்தான் எடுக்கும், கவலையே படாத," என்று ஆறுதலாகச் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் கூடத்தின் கணினியில் இணைத்தேன். போனதைத் தேடித் தரும் மென்பொருள் ஒன்று உண்டு. தட்டுகளைச் சூட்டுப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அதை ஓடவிட்டேன். ஆறு மணி நேரம் ஓடியது. இடையிடையே போய்ப் பார்த்தேன். அந்த நேரத்தில் முப்பத்தெட்டுத் தட்டுகளில் கிருமிப் புள்ளிகளை எண்ணினேன். எண்ணிக்கையில் ஒரு தவறும் இல்லை.

முடிவில் ஒரு பட்டியல் வந்தது. அறுபத்திரண்டு பெயர்கள். அறுபத்து மூன்றாவதின் இடத்தில் கடைக்காரரின் வீடியோ தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தது. ஒரு படத்தை நீக்கும்போது அதன் பெயரில் முதல் எழுத்தை மட்டும் கார்டு எடுத்துவிடும். எல்லாப் பெயர்களும் முதல் எழுத்தில்லாமல், ஒரு சின்னக் கோட்டோடு தொடங்கின. பெயருக்கு நேராக அவை எடுக்கப்பட்ட தேதி, மணி, நிமிடம். எல்லாம் சரியாக இருந்தன. பதினேழாம் நாள் மாலை நான்கு ஐம்பத்திரண்டும் இருந்தது. அதுதான் தொப்பியைச் சரி செய்த நேரம், காது தெரிந்த படம்.

அதைத் திறந்தேன். சாம்பல் நிறம் வந்தது. அடுத்ததைத் திறந்தேன். பாதி சாம்பல், பாதி செருப்புக் கால்கள். அறுபத்திரண்டையும் திறந்தேன். கடைக்காரரின் மேஜையிலிருந்து தெரியும் தெருவும் அதில் போகிற கால்களும் எல்லாப் படங்களின் இடத்திலும் துண்டு துண்டாக உட்கார்ந்திருந்தன. வேறு இரண்டு மென்பொருள்களைப் போட்டுப் பார்த்தேன். அவையும் அதையே காட்டின.

மூன்றாவது பொய்யையும் யோசித்தேன். அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். இணையத்தில் அப்படிக் குழந்தைகளின் படங்கள் நிறைய இருக்கின்றன. கண்ணாடிப் பெட்டி, கம்பளித் தொப்பி, குழாய், டேப். எந்தக் குழந்தை என்று அதன் அம்மாவைத் தவிர யாராலும் சொல்ல முடியாது. அம்மாவாலும் சொல்ல முடியாமல் போகலாம், ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகப் பார்த்திருந்தால். ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்து இறக்கிக்கூட விட்டேன். அதில் காது தெரிந்தது. அக்கா அந்தக் காதைப் பார்த்து, மாமாவைக் கூப்பிட்டு, "உங்க காது, உங்களோடதேதான்" என்று சொல்வது எனக்குக் கேட்டது. கணினியை அணைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்கு அக்கா வீட்டுக்குப் போனேன். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். நான்கு சொல் வாக்கியம். பஸ்ஸில் மூன்று முறை முழுதாக வந்தது.

அக்கா முகம் கழுவிப் பொட்டு வைத்திருந்தாள். இளைத்த கையில் வளையல் முழங்கை வரை போய் வந்தது. மெஷின் பக்கத்தில் இருந்த மேஜையில் நூல்கண்டுகளை ஒதுக்கி இடம் செய்திருந்தாள். ஆல்பம் அங்கே இருந்தது, மேலே சுற்றிய பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிக்காமல்.

"வாடி. ஏன் மூஞ்சி இப்படி இருக்கு? பஸ்ல நின்னுட்டே வந்தியா?"

"கொழுந்தியா வந்தாச்சா?" என்று அடுப்பங்கரையிலிருந்து மாமா குரல் கொடுத்தார். "டீயில சக்கரை ரெண்டா, மூணா? பதில் சொல்லலன்னா அஞ்சு போட்டுடுவேன்."

"அவ எப்பங்க பதில் சொல்லியிருக்கா? நீங்களே போடுங்க," என்றாள் அக்கா. அவள் சிரித்தாள். பற்கள் தெரிந்தன. ஆறு வாரமாக அதை நான் பார்க்கவில்லை.

"அக்கா," என்றேன்.

"இரு, பையைக் குடு." அவளே என் தோள்பையைத் திறந்தாள். கேமராவைப் பார்த்துவிட்டாள். அதை வெளியே எடுத்து இரண்டு கைகளிலும் வைத்துக்கொண்டாள். "அட, இதைத் திரும்ப வாங்கிட்டியா?"

அவளுடைய கட்டைவிரல் எழுத்து போன பொத்தான்களின் மேல் போய் வந்தது. "இதுலயே பாக்கணும்னு எனக்கும் தோணிச்சுடி. அன்னிக்குப் பாத்த மாதிரியே. உனக்கு எப்படித் தெரிஞ்சுது? என்னங்க, இங்க வாங்க, இவ கேமராவையே திரும்ப வாங்கிட்டு வந்துட்டா! சும்மா ஊமை ஊமைன்னு திட்டறேன் இவள."

"அக்கா, அதுல..."

அவள் பொத்தானை அழுத்திவிட்டாள். லென்ஸ் சின்னச் சத்தத்தோடு வெளியே வந்து உள்ளே போனது. திரை வெளிச்சமாயிற்று.

தெரு தெரிந்தது. மேஜை உயரத்திலிருந்து எடுத்தது. யாரோ செருப்புக் காலோடு போனார்கள். ஒரு சைக்கிள் போனது. சின்ன ஒலிபெருக்கியில் கடைக்காரரின் குரல் கேட்டது. "ஓடுது, ஓடுது."

"யார் காலுடி இது?"

திறந்து கிடந்த தோள்பையை மூடினேன்.

"கடைக்காரன் எடுத்ததா?" அவளே கேட்டுக்கொண்டாள். மாமா டீத் தம்ளர்களோடு வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். மூன்று பேரும் அந்தத் தீப்பெட்டித் திரையைப் பார்த்தோம். கால்கள் போயின. ஒரு நாய் வந்து நின்று, நேராக எங்களைப் பார்த்துவிட்டுப் போனது.

"நாய் போஸ் குடுக்குது பாரு," என்றார் மாமா.

அக்கா சிரிக்கவில்லை. திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். இன்னும் கொஞ்சம் வசதியாக, முழங்கையை மேஜையில் ஊன்றிக்கொண்டாள். காத்திருக்கிறவள் உட்காரும் விதம் அது.

"எவ்வளவு நேரம் ஓடும்?"

"இருபத்து மூணு நிமிஷம்," என்றேன்.

"பரவாயில்ல. ஓடட்டும்." ஒரு பெண்ணின் கால்கள் நின்றன, பக்கத்தில் ஒரு சின்னக் குழந்தையின் கால்கள் வந்து நின்றன, இரண்டும் நகர்ந்தன. "இது முடிஞ்சப்பறம் வருவானா?"

பஸ்ஸில் வந்த வாக்கியம் வரவில்லை. மாமா ஒரு தம்ளரை என் கையில் கொடுத்தார். அதை மேஜை மேல் வைத்தேன்.

"எடுத்துட்டேன்னு சொன்னேனேக்கா."

"ஆமா, சொன்ன. அதுக்கென்ன?"

"நீ எடுத்துடுன்னு சொன்னியே."

"ஆமாண்டி. எடுத்து வெச்சியா இல்லையா?" அவள் இப்போதுதான் திரையை விட்டு என்னைப் பார்த்தாள். கேமரா அவள் கையில் ஓடிக்கொண்டிருந்தது.

"எடுத்து வெக்கலக்கா," என்றேன். "அழிச்சுட்டேன்."